புற்றணு எதை உண்கிறது, யார் ஊட்டுகிறார்கள்: சினைப்பைப் புற்றுநோயின் வளர்சிதை மாற்ற ஆய்வுகளைப் படிக்கும் முறை

புற்றுநோயைப் பட்டினி போட்டு அழிக்கும் மருந்து வந்துவிட்டது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. சினைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இத்தகைய செய்திகளுக்குப் பின்னால் தரமான ஆய்வுகள் பல உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் ஆய்வுத்தாள் சொன்னதற்கும், செய்தி சொன்னதற்கும், அதை நம்பி நோயாளியின் வீட்டார் எடுக்கும் முடிவுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அந்தத் தொலைவை எப்படி அளப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். உயிர்வேதியியலும் மருத்துவமும் படிக்கும் மாணவர்களையும், வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்த பிறகு தாமாகவே தேடிப் படிக்கத் தொடங்கியவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த ஆய்வை எடுத்தாலும் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இங்கே பேசப்படும் வளர்சிதை மாற்றம், அதாவது உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் வேதிவினைகள், யாருடையது? புற்றணுவினுடையதா, அதை ஒட்டியிருக்கும் கொழுப்புச் செல்லினுடையதா, நார்த்திசுச் செல்லினுடையதா, அல்லது புற்றணுவை அழிக்க வந்த நோயெதிர்ப்புச் செல்லினுடையதா? கட்டி என்பது புற்றணுக்கள் மட்டுமே குவிந்த உருண்டை அன்று. பல வகைச் செல்கள் ஒரே பானையில் உண்ணும் கூட்டுக்குடும்பம் அது. ஒருவருக்கு வைத்த பட்டினி இன்னொருவரை எப்படித் தாக்குகிறது என்று சொல்லாத ஆய்வு, பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

நோயின் வகையைத் தேடுங்கள்

ஆய்வுத்தாளைக் கையில் எடுத்ததும் மருந்தின் பெயருக்கு முன்பாக நோயின் வகையைப் பார்க்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள், தோன்றும் இடத்திலும் மரபணுப் பிழையிலும் மருந்துக்கு இணங்கும் விதத்திலும் வேறுபட்ட பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. பெரும்பாலோருக்கு வருவது, நோயியல் அறிக்கையில் ஹை கிரேடு சீரஸ் கார்சினோமா என்று எழுதப்படும் வகை. இவற்றுள் பல, கருக்குழாயின் விரல் போன்ற முனையில் தோன்றி அங்கிருந்து சினைப்பைக்கும் வயிற்றறைக்கும் பரவுகின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டம் 2011இல் இவ்வகையைச் சேர்ந்த 316 கட்டிகளின் மரபணு வரிசையைப் படித்தபோது, 96 விழுக்காட்டில், செல் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிபி53 மரபணு பிழைபட்டிருந்தது.

கிளியர் செல் வகை முற்றிலும் வேறானது. நுண்ணோக்கியில் அதன் செல்கள் வெறுமையாகத் தெரிவதற்கே வளர்சிதை மாற்றம்தான் காரணம்: செல்லுக்குள் குவிந்திருந்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு, திசுவைப் பதப்படுத்தும்போது கரைந்துவிடுவதால் அந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. இவ்வகைக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் ஆரிட்1ஏ மரபணு செயலிழந்திருக்கிறது. அப்படிச் செயலிழந்த செல்கள் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை மிகுதியாக நம்பி வாழ்கின்றன என்றும், அதை உடைக்கும் குளூட்டமினேஸ் நொதியைத் தடுத்தால் அவை தளர்கின்றன என்றும் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள விஸ்டார் ஆய்வு நிலையத்தினர் 2021இல் காட்டினார்கள். நல்ல ஆய்வு, ஆனால் அதன் முடிவைச் சீரஸ் வகை நோயாளிக்கு அப்படியே நீட்டிப் பொருத்த முடியாது.

ஒரே வகைக்குள்ளும் வேறுபாடு உண்டு. பாரிஸின் கியூரி நிலைய ஆய்வாளர்கள் 2019இல் சீரஸ் வகைக் கட்டிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் வழி ஆற்றல் ஆக்கத்தை அதிகம் நம்புபவை ஒரு பிரிவு, குறைவாக நம்புபவை மறு பிரிவு. அதிகம் நம்பிய பிரிவே வழக்கமான கீமோதெரபிக்கு மேலாக இணங்கியது. புற்றணு என்றால் மைட்டோகாண்ட்ரியா பழுதானது என்று பள்ளியில் படித்தவருக்கு இது வியப்பாக இருக்கும். அந்தப் பழைய எண்ணத்தின் வேர் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க். ஆக்சிஜன் இருக்கும்போதே புற்றணுக்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுவதை அவர் 1920களில் கண்டது சரி. அதற்குக் காரணம் மைட்டோகாண்ட்ரியாவின் பழுது என்று அவர் கருதியதுதான் பெரும்பாலான கட்டிகளுக்குப் பொருந்தவில்லை. இன்றும் ஒரு கட்டுரை வார்பர்க் விளைவு என்ற சொல்லோடு தொடங்கி அதோடு முடிந்துவிட்டால், அதை மேற்கொண்டு படிக்க நான் அவசரப்படுவதில்லை.

தட்டில் என்ன ஊற்றினார்கள்?

அடுத்து ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். செய்தியாளர்கள் தொடாத பகுதி அது. உண்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. முதலில் எந்தச் செல்வரிசையை, அதாவது ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் எந்தச் செல்களை, பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். எஸ்கேஓவி3, ஏ2780 ஆகிய இரண்டும் இத்துறையில் பல்லாண்டுகளாகக் கையாளப்படுபவை. ஆனால் 2013இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டாய்வு, 47 செல்வரிசைகளின் மரபணு நிலையை நோயாளிகளின் கட்டிகளோடு வைத்துப் பார்த்தபோது, இவ்விரண்டும் ஹை கிரேடு சீரஸ் கட்டியைப் போல இல்லை என்று காட்டியது. ஏ2780இல் டிபி53 மரபணுவில் பிழையே இல்லை. அந்நோயின் அடையாளக்குறியே அந்தப் பிழைதான் என்னும்போது, ஏ2780இல் வேலை செய்த மருந்து அந்நோயில் வேலை செய்யும் என்று எப்படிச் சொல்வது? குரமோச்சி, ஓவிசாஹோ போன்ற வரிசைகளோ, நோயாளியின் கட்டியிலிருந்து நேரடியாக வளர்த்த செல்களோ பயன்பட்டிருந்தால் நம்பிக்கை கூடுகிறது.

பிறகு, அச்செல்களை எந்த ஊடகத்தில், அதாவது எந்த ஊட்டக் கரைசலில், வளர்த்தார்கள் என்பதைத் தேடுங்கள். வளர்சிதை மாற்ற ஆய்வில் இதைவிட முக்கியமான வரி அரிது. பரவலாகப் பயன்படும் டிஎம்இஎம் ஊடகத்தின் உயர் குளுக்கோஸ் வடிவத்தில் லிட்டருக்கு 25 மில்லிமோல் குளுக்கோஸ் இருக்கிறது. இந்த எண்ணை 18ஆல் பெருக்கினால், நம் ஊர் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் அளவுக்கு மாற்றிவிடலாம்: 450. வெறும் வயிற்றில் 450 மில்லிகிராம் என்று சீட்டில் வந்தால் நாம் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுவோம். அந்தச் சர்க்கரைக் குளத்தில் மிதக்கும் செல்லைப் பார்த்து, இது குளுக்கோஸை விரும்பி உண்கிறது என்று முடிவு கட்டினால், அந்த விருப்பம் செல்லினுடையதா, ஊற்றியவருடையதா என்ற ஐயம் எழத்தான் செய்யும். 2017இல் மனித இரத்தப் பிளாஸ்மாவை ஒத்த ஊடகம் ஒன்றை உருவாக்கிய ஆய்வாளர்கள், அதில் வளர்ந்த செல்களின் வளர்சிதை மாற்றமே மாறிவிடுவதையும், வழக்கமான ஊடகங்களில் கிட்டத்தட்ட இல்லாத யூரிக் அமிலம் 5-ஃபுளூரோயூராசில் என்ற பழைய மருந்தின் வீரியத்தையே குறைப்பதையும் காட்டினார்கள்.

சினைப்பைப் புற்றுநோய்க்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. இந்நோயின் செல்கள் இரத்த ஓட்டத்தைவிட வயிற்றறைக்குள்ளேயே அதிகம் பயணம் செய்கின்றன. வயிற்றில் கோத்துக்கொள்ளும் நீரில் சிறு சிறு உருண்டைகளாக மிதந்து போய் ஒட்டுகின்றன. எனவே நோயாளியிடமிருந்து எடுத்த அந்த வயிற்று நீரிலேயே செல்களைச் சோதித்த ஆய்வுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

ஆட்டுக் குடலைச் சுத்தம் செய்து பழகியவர்கள், குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய கொழுப்பு வலையைப் பார்த்திருப்பார்கள். மனித உடலில் அதன் பெயர் ஓமென்டம். சினைப்பைப் புற்றுநோய் பரவும்போது மிகவும் விரும்பிச் சேரும் இடம் அதுதான். அறுவை சிகிச்சையில் அதையும் சேர்த்து எடுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே. ஸ்கேன் அறிக்கையில் ஓமென்டல் கேக் என்று எழுதியிருந்தால், மென்மையாக இருந்த அந்தக் கொழுப்புத் திரை கட்டியாகித் தடித்துவிட்டது என்று பொருள். அந்தத் தடித்த பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால், அங்கே நிறைந்திருக்க வேண்டிய கொழுப்புச் செல்கள் பெரும்பாலும் மறைந்து போயிருக்கும்.

அவை எங்கே போயின என்ற கேள்விக்கு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் லெங்கயலின் குழு 2011இல் விடை தந்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-8 முதலான குறிகள் புற்றணுவை ஈர்க்கின்றன. வந்து சேர்ந்த புற்றணு, அண்டைக் கொழுப்புச் செல்லைத் தன் சேமிப்பை உடைத்து வெளியிடச் செய்கிறது. வெளிவந்த கொழுப்பு அமிலங்களைப் புற்றணு வாங்கிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கிறது. கொழுப்பைச் சுமக்கும் எஃப்ஏபிபி4 என்ற புரதம் இதில் முக்கியமானது. அது இல்லாத எலிகளில் கட்டியின் பரவல் வெகுவாகக் குறைந்தது. கொழுப்பு அமிலம் புற்றணுவுக்குள் நுழைய சிடி36 என்ற வாயில் பயன்படுவதை அதே குழு 2018இல் காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016இல், கொழுப்பு நிறைந்த அந்தச் சூழலில் புற்றணுவின் ஆற்றல் ஆக்கத்தை முடுக்கிவிடும் எஸ்ஐகே2 என்ற நொதியைச் சுட்டினார்கள்.

இங்கே வாசகர் செய்ய வேண்டியது என்ன? இந்த ஆய்வுகளில் புற்றணுவைத் தனியாக வளர்த்த சோதனையையும், கொழுப்புச் செல்லோடு சேர்த்து வளர்த்த சோதனையையும் பிரித்துப் படியுங்கள். ஒரு மருந்து தனித்த புற்றணுவைக் கொல்லாமல், சேர்ந்த நிலையில் மட்டும் கொன்றால், அது தாக்குவது அந்த உறவை. தனித்த நிலையில் கொன்று, சேர்ந்த நிலையில் தோற்றால், அண்டைச் செல் புற்றணுவுக்கு மாற்றுணவு கொடுத்துக் காப்பாற்றுகிறது. இரண்டாவது வகை முடிவு ஆய்வுத்தாளின் துணைப் படங்களில் ஒளிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். படங்கள் அனைத்தையும் திறந்து பார்க்காமல் முடிவுரைக்குத் தாவாதீர்கள்.

கொழுப்புச் செல்லுக்கு அடுத்த அண்டை வீட்டார் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் எனப்படும் நார்த்திசுச் செல்கள். காயத்தை ஆற்றுவதற்காக உடல் வைத்திருக்கும் இச்செல்களைக் கட்டி தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இவை செய்யும் உபகாரங்கள் ஒன்றிரண்டல்ல. சுற்றியுள்ள எளிய பொருள்களிலிருந்து இவை குளூட்டமினை உண்டாக்கிப் புற்றணுவுக்குக் கொடுக்கின்றன என்பதை 2016இல் ஆய்வாளர் தீபக் நாக்ராத்தின் குழு காட்டியது. அவர்கள் எலிகளில் ஃபைப்ரோபிளாஸ்டின் குளூட்டமின் ஆக்கத்தையும் புற்றணுவின் குளூட்டமின் உடைப்பையும் ஒரே நேரத்தில் அடக்கியபோது கட்டியின் எடையும் பரவலும் குறைந்தன. சமைப்பவரையும் உண்பவரையும் சேர்த்துத் தடுத்தது அந்தச் சோதனையின் சிறப்பு. 2019இல் சிகாகோ குழு, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அனுப்பும் குறிகளால் புற்றணு தன் சொந்தக் கிளைக்கோஜன் சேமிப்பை உடைத்துச் செலவிட்டுப் பரவுகிறது என்று கண்டது. அதே ஆண்டில், புரத ஆய்வாளர் மத்தியாஸ் மானின் குழுவோடு சேர்ந்து, என்என்எம்டி என்ற ஒற்றை நொதி ஃபைப்ரோபிளாஸ்டின் குணத்தையே மாற்றிவிடுவதையும் அது வெளியிட்டது: இந்நொதி செல்லின் மெத்தில் குழுக்களைச் செலவழித்துவிடுவதால், மரபணுக்களைச் சுற்றியுள்ள புரதங்களில் இருக்க வேண்டிய மெத்தில் முத்திரைகள் குறைந்து, அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இந்த ஆய்வில் மருந்தின் இலக்காக முன்வைக்கப்பட்டது புற்றணுவே அல்ல, அதன் அண்டைச் செல். இது எனக்கு இத்துறையின் மிக நம்பிக்கையூட்டும் திருப்பமாகப் படுகிறது. ஏனெனில் அண்டைச் செல்லின் மரபணு வரிசை பெரும்பாலும் பிழைபடாதது. புற்றணுவைப் போல விரைவில் உருமாறி மருந்திலிருந்து தப்பிவிடும் வாய்ப்பு அதற்குக் குறைவு.

ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கீமோதெரபியையும் கெடுக்கக்கூடும். சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளைச் செல்லுக்குள் செயலிழக்கச் செய்வதில், செல்லைக் காக்கும் சிறு மூலக்கூறான குளூட்டத்தயோனுக்குப் பங்கு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வெய்பிங் ஸோ குழு 2016இல், ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குளூட்டத்தயோனையும் அதன் மூலப்பொருளான சிஸ்டைனையும் புற்றணுவுக்கு வழங்கி அதைச் சிஸ்பிளாட்டினிடமிருந்து காப்பதையும், உடலின் காவலர்களான டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா அந்த வழங்கலை முறித்துவிடுவதையும் காட்டியது. ஒரே ஆய்வில் மூன்று வகைச் செல்களும் ஒன்றையொன்று பாதிப்பதைக் காண வேண்டுமானால், மாணவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

காவலருக்கும் பசிக்கும்

வளர்சிதை மாற்றத்தைத் தாக்கும் எந்த மருந்துக்கும் கேட்க வேண்டிய கடினமான கேள்வி இது: டி செல்லுக்கு என்ன ஆகிறது? பெருகும் டி செல்லும் பெருகும் புற்றணுவும் ஏறத்தாழ ஒரே உணவைத்தான் தேடுகின்றன. வயிற்று நீரில் டி செல்களின் நிலை ஏற்கெனவே மோசம். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நீர் டி செல்களின் குளுக்கோஸ் ஏற்பைக் குறைக்கிறது; அதனால் செல்லுக்குள் ஏற்படும் நெருக்கடி ஐஆர்இ1-எக்ஸ்பிபி1 என்ற எச்சரிக்கை வழியைத் தூண்டி, குளூட்டமின் நுழைவையும் மைட்டோகாண்ட்ரியாவின் இயக்கத்தையும் மட்டுப்படுத்துகிறது. இப்படி அரைப்பட்டினியில் கிடக்கும் காவலருக்கு மேலும் குளூட்டமினைத் தடுத்தால் என்னாகும்?

மோசமாகத்தான் ஆகும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2019இல் எலிகளில் செய்த சோதனை வேறு விடை தந்தது. குளூட்டமினைப் பரவலாகத் தடுக்கும் மருந்து புற்றணுக்களை முடக்கியபோது, டி செல்கள் வேறு எரிபொருளுக்கு மாறிக்கொண்டு முன்னைவிட வீரியமாகச் செயல்பட்டன. அது சினைப்பைப் புற்றுநோய் மாதிரியில் செய்யப்பட்டதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊகத்தைவிட அளவீடு முக்கியம் என்பதற்கே இதைச் சொல்கிறேன்: ஆய்வாளர்கள் நோயெதிர்ப்பு முழுமையாக உள்ள எலியைப் பயன்படுத்தினார்களா, அல்லது டி செல்லே இல்லாத எலியில் மனிதக் கட்டியை வளர்த்தார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகை எலியில் காவலரே இல்லை; காவலருக்கு என்ன ஆனது என்று அந்த ஆய்வு சொல்லவே முடியாது.

இன்னொரு தவறான புரிதலையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உடலில் குளுக்கோஸ் சேரும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேனில் ஒளிரும் இடமெல்லாம் சர்க்கரை உண்ணும் புற்றணு என்று நினைக்கிறோம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் 2021இல் பல எலிக் கட்டிகளைச் செல் வாரியாகப் பிரித்து அளந்தபோது, ஒரு செல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொண்டவை மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள். புற்றணுக்கள் மிகுதியாக எடுத்துக்கொண்டது குளூட்டமினை.

மெட்ஃபார்மினை வைத்து ஒரு பயிற்சி

மேலே சொன்னவற்றை ஒரே மருந்தில் பொருத்திப் பார்ப்போம். மெட்ஃபார்மின் நம் தெருமுனை மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் நீரிழிவு மாத்திரை. ஆகவே யாரும் யாரையும் கேட்காமல் தொடங்கிவிடக்கூடிய ஆபத்தும் இதற்கு உண்டு. இது மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் ஆக்கத் தொடரில் உள்ள முதல் புரதக் கூட்டமைப்பை ஓரளவு தடுக்கிறது. கல்லீரலில் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைத்து இன்சுலினையும் தாழ்த்துகிறது. இரண்டில் எது புற்றுநோயில் முக்கியம் என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

முதலில் அளவு. பல ஆய்வகச் சோதனைகளில் மெட்ஃபார்மினை 10 மில்லிமோல் அளவில் ஊற்றியிருப்பார்கள். இதன் மூலக்கூறு எடை 129. எனவே 10 மில்லிமோல் என்பது ஒரு மில்லிலிட்டருக்கு 1,290 மைக்ரோகிராம். மாத்திரை சாப்பிடும் நோயாளியின் இரத்தப் பிளாஸ்மாவிலோ, உச்ச அளவு மருந்து எடுத்தாலும் அது பொதுவாக 5 மைக்ரோகிராமைத் தாண்டுவதில்லை. 250 மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர், பிறகு எந்த மருந்தின் ஆய்வகச் செய்தியையும் கண்ணை மூடிக்கொண்டு பகிரமாட்டார்.

அடுத்து, நோயாளிகளைப் பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வுகள். மெட்ஃபார்மின் சாப்பிட்ட நீரிழிவு நோயாளிகள் புற்றுநோயோடு அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. புற்றுநோய் கண்டறிந்த பிறகு மாத்திரை தொடங்கியவர்களை மாத்திரை சாப்பிட்டோர் பட்டியலில் சேர்க்கும்போது, தொடங்கும் நாள்வரை அவர்கள் உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்பதைக் கவனியுங்கள்; சீக்கிரம் இறந்தவர்கள் தாமாகவே மற்றப் பட்டியலில் விழுந்துவிடுகிறார்கள். மாத்திரை ஒன்றும் செய்யாவிட்டாலும் முதல் பட்டியல் நீண்ட ஆயுளைக் காட்டும்.

பிறகு, முன்னோக்கிய சோதனை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் நீரிழிவு இல்லாத, முற்றிய சினைப்பைப் புற்றுநோயாளிகள் 38 பேருக்குக் கீமோதெரபியோடு மெட்ஃபார்மின் கொடுத்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் உயிர் வாழ்ந்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 57.9 மாதங்கள். கட்டியை மீண்டும் முளைக்கச் செய்யும் புற்றுத் தண்டுச்செல்கள் குறைந்திருந்தன. அதைவிடச் சுவையான செய்தி, கட்டியைச் சுற்றியுள்ள இடைத்திசுத் தண்டுச்செல்களின் மரபணுக்கள் மீதுள்ள மெத்தில் முத்திரைகளும் மாறியிருந்தன. யாருடைய வளர்சிதை மாற்றம் என்ற நம் கேள்விக்கு நேராகப் பதில் தேடிய ஆய்வு இது. ஆனால் இதில் வெற்று மாத்திரை பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. ஒப்பிட்டது முந்தைய காலத்து நோயாளிகளின் கணக்கோடு. நம்பிக்கை தரும் தொடக்கம் என்பதற்கு மேல் இதைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது.

வெற்று மாத்திரையோடு பெரிய அளவில் ஒப்பிட்டது மார்பகப் புற்றுநோயில் நடந்தது. 3,649 பேரைச் சேர்த்து, ஐந்தாண்டுக் காலம் மெட்ஃபார்மின் கொடுத்த அந்தச் சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது; நீரிழிவு இல்லாத நோயாளிகளிடம் நோய் திரும்புவதை மெட்ஃபார்மின் குறைக்கவில்லை. வேறு உறுப்பின் நோய்தான். ஆனாலும் பின்னோக்கிய ஆய்வுகள் கொடுத்த எதிர்பார்ப்பு அங்கே எப்படிக் கரைந்தது என்பதைச் சினைப்பைப் புற்றுநோய்க்காரர்களும் மனத்தில் வைப்பது நல்லது.

மனிதர்களிடம் போன மருந்துகள் எங்கே நிற்கின்றன?

மருந்தின் பெயரை எடுத்துக்கொண்டு, மருத்துவச் சோதனைப் பதிவேடுகளில் தேடுங்கள். அமெரிக்க அரசின் கிளினிக்கல் டிரையல்ஸ் பதிவேடு அனைவருக்கும் திறந்தது. இந்தியாவில் 2009 ஜூன் முதல் சோதனைகளை சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் சேர்ப்பது கட்டாயம். இலங்கைக்கும் தனிப் பதிவேடு உண்டு. சோதனை முடிந்ததா, இடையில் நிறுத்தப்பட்டதா, நிறுத்தப்பட்டால் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து டி செல்களைச் சோர வைக்கும் ஐடிஓ1 நொதியைத் தடுக்க வந்த எபகாடோஸ்டாட், சினைப்பைப் புற்றுநோயில் தமோக்சிஃபென் என்ற பழைய ஹார்மோன் தடுப்பு மருந்தோடு ஒப்பிடப்பட்டு, மேலானது என்பதற்குச் சான்று இல்லாமல் நின்றுபோனது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 2018இல் பெரிய சோதனையிலும் தோற்றது. ஆய்வகத்தில் அழகாக இருந்த இலக்கு அது.

இன்னும் பாடம் சொல்வது ஐஏசிஎஸ்-010759. மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டமைப்பை மெட்ஃபார்மினைவிடப் பலமடங்கு வலுவாகத் தடுக்கும் மருந்து. நோயாளிகளிடம் கொடுத்தபோது இரத்தத்தில் லாக்டேட் உயர்ந்தது, நரம்புகள் பாதிக்கப்பட்டன. பயன் தரும் அளவுக்கும் கெடுதி தரும் அளவுக்கும் இடையே இடமே இல்லை என்று தெரிந்து, சோதனைகள் நிறுத்தப்பட்ட விவரம் 2023இல் வெளிவந்தது. நரம்புக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும். புற்றணுவுக்கு மட்டுமே உரிய வளர்சிதை வழி என்று ஏதேனும் ஆய்வுத்தாள் சொன்னால், மூளை, இதயம், எலும்பு மச்சை ஆகிய மூன்றிலும் அந்த வழி எப்படி இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்களா எனத் தேடுவது இதனால்தான்.

வென்றதும் உண்டு, ஆனால் சுற்றுவழியில். பல சீரஸ் கட்டிகள் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினை உள்ளிழுக்கும் ஆல்பா ஏற்பியைத் தம் மேற்பரப்பில் நிறைய வைத்திருக்கின்றன. அந்த ஏற்பியைக் குறிவைத்த ஃபார்லெட்டுசுமாபும் விண்டாஃபோலைடும் பெரிய சோதனைகளில் தேறவில்லை. பிறகு வந்த மிர்வெட்டுக்சிமாப் சொராவ்டான்சின், அந்த ஃபோலேட் வாயிலில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், தன்னோடு கட்டியிருக்கும் நஞ்சை அவிழ்க்கிறது. பிளாட்டினத்துக்கு இணங்காமல் போனவர்களிடம் நடந்த மிராசால் சோதனையில், இம்மருந்து பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 16.46 மாதங்கள், வழக்கமான கீமோ பெற்றவர்களுக்கு 12.75 மாதங்கள்; அமெரிக்காவில் 2024 மார்ச்சில் முழு ஒப்புதல் கிடைத்தது. புற்றணுக்களில் குறைந்தது 75 விழுக்காட்டிலாவது ஏற்பி மிதமாகவோ அழுத்தமாகவோ தெரிந்தால் மட்டுமே இதைக் கொடுப்பார்கள். பார்வை மங்குதல் முதலான கண் தொல்லைகள் வரும் என்பதால் கண் மருத்துவரும் உடன் இருக்க வேண்டும். வளர்சிதை மாற்றத்தைத் தடுத்து வென்ற மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. அதன் கதவைப் பயன்படுத்தி வென்ற மருந்து என்று சொல்லலாம்.

சாப்பாட்டுத் தட்டுக்கு வரும்போது

இந்த ஆய்வுகளைப் படித்த வீட்டார் முதலில் செய்வது சர்க்கரையை நிறுத்துவது, பிறகு சோற்றைக் குறைப்பது. உணவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸை உண்டாக்கி இரத்த அளவைக் காத்துக்கொள்ளும். ஆகவே தட்டிலிருந்து எடுத்தது கட்டியிலிருந்து எடுத்ததாக ஆகாது. மேலும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். அந்த நீரை ஊசி வைத்து எடுக்கும்போதெல்லாம் புரதமும் சேர்ந்து போகிறது. இந்நிலையில் பட்டினி முதலில் கரைப்பது தசையைத்தான். தசை கரைந்தவர் அடுத்த கீமோ தவணையைத் தாங்கமாட்டார். நீரிழிவும் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு தனி; அதை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சொல்லட்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஆய்வுத்தாளை அப்படியே நீட்டாமல், ஒரு தாளில் சிலவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: நோயியல் அறிக்கையில் உள்ள வகை, பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை முடிவு, ஃபோலேட் ஏற்பி பார்த்திருந்தால் அதன் விழுக்காடு, கடைசிப் பிளாட்டினம் தவணை முடிந்து எத்தனை மாதம் ஆகிறது, தாமாகச் சாப்பிடும் மாத்திரைகளும் மூலிகைகளும். இவற்றுக்குக் கீழே, நீங்கள் படித்த ஆய்வு செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். மனிதரில் என்றால், எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, பதிவேட்டு எண் என்ன என்பதையும் சேர்த்துவிட்டால், நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அவர் உருப்படியான பதில் சொல்ல முடியும்.